யானைச் சீரத்தில் புரோஜெஸ்டிரோன் எலைசா ஏறவே மாட்டேங்குது, கிட் கோளாறா?

கேள்வி
மூன்று பெண் யானைகள், வாரம் ஒருமுறை எடுத்த ரத்தம், 16 வாரச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம்). மனிதர்களுக்கான புரோஜெஸ்டிரோன் எலைசா (ஆன்டிபாடி கொண்டு ஹார்மோனை அளக்கும் சோதனை) கிட். எல்லாமே மில்லிக்கு 0.2 முதல் 0.6 நானோகிராம். கிட்டோடு வந்த கன்ட்ரோல் (அளவு தெரிந்த மாதிரி) மட்டும் சரியாக வருகிறது. ஒரு மாதிரியை நீர்த்தும் பார்த்தேன்: நேரடியாக 0.4, இரண்டு மடங்கில் 0.3, நான்கு மடங்கில் 0.25. ஸ்டீராய்டு எல்லா விலங்குக்கும் ஒரே மூலக்கூறுதானே?

பதில் 1
மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் யானையின் கார்பஸ் லூட்டியம் (கருமுட்டை வெளியேறியபின் சினைப்பையில் உருவாகும் சுரப்பி) பெரும்பாலும் சுரப்பது 5-ஆல்ஃபா-டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன். புரோஜெஸ்டிரோனை மட்டும் குறிவைக்கும் ஆன்டிபாடி அதை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. கிட் தாளில் குறுக்குவினை (ஆன்டிபாடி வேறெந்தப் பொருள்களை எவ்வளவு பிடிக்கிறது என்ற) அட்டவணையைப் பாருங்கள். அந்தப் பெயரே இல்லையென்றால் கேள்வி முடிந்தது.

பதில் 2
அதற்கு முன் இந்த நீர்த்தலைக் கவனியுங்கள். மடங்கால் பெருக்கினால் 0.4, 0.6, 1.0. இணையாகப் போகவில்லை, அதாவது எல்லாம் ஒரே எண்ணாக வந்திருக்க வேண்டும். ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) வளைவின் தட்டையான மேல்முனையில் வாசிக்கிறீர்கள், அல்லது சீரப் புரதம் ஹார்மோனைப் பிடித்து வைத்திருக்கிறது. போட்டி எலைசாவில் (மாதிரியின் ஹார்மோனும் குறியிட்ட ஹார்மோனும் ஆன்டிபாடிக்குப் போட்டியிடும் வகை) குறியிட்டதன் பைண்டிங், அதாவது ஒட்டும் அளவு, 80 சதவீதத்துக்கு மேலிருந்தால் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

ஹார்மோனைப் புரதத்திலிருந்து பிரிக்க: 1 மில்லி சீரத்துக்கு 5 மில்லி டைஈதைல் ஈதர், நன்றாக வோர்டெக்ஸ் (சுழல் கலக்கி). நீர்ப்பகுதியை உறைய வைத்து ஈதரை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். புகைக்கூண்டுக்குள் உலர்த்தி, 250 மைக்ரோ லிட்டர் அஸ்ஸே (சோதனை) பஃபரில் கரையுங்கள். ஸ்டாண்டர்டும் அதே பஃபரில்தான். கிட்டின் மனிதச் சீர ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் மறுபடி பழைய கதைதான்.

கேட்டவர்
செய்தாயிற்று. நான்கு மடங்கு செறிவாக்கியதில் (1 மில்லி 250 மைக்ரோ லிட்டரானது) 1.5, அதை இரண்டு மடங்கு நீர்த்தால் 0.78, நான்கில் 0.37. இணை வந்துவிட்டது. ஆனால் நான்கால் வகுத்தால் அசல் 0.38தான்!

பதில் 1
அப்படியென்றால் அஸ்ஸே ஒழுங்காகத்தான் அளக்கிறது, தவறான பொருளை. CL425 போன்ற, ஒத்த பல ஸ்டீராய்டுகளைப் பிடிக்கும் மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு மாறுங்கள். 5-ஆல்ஃபா வடிவத்தையும் அது பாதியளவுக்குப் பிடிக்கும். அப்போது கிடைப்பது 'புரோஜெஸ்டோஜென்' (புரோஜெஸ்டிரோனும் அதையொத்தவையும் சேர்ந்த) மதிப்பு. வேறு ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அதே யானையின் அடிமட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். யானையின் சுழற்சி 13 முதல் 17 வாரம், அதில் லூட்டியல் கட்டம் (கார்பஸ் லூட்டியம் சுரக்கும் காலம்) 8 முதல் 10 வாரம். ஆகவே 16 வாரத்தில் ஒரு மேடாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த யானையின் சுழற்சி நின்றிருக்கலாம்.

கேட்டவர்
லத்தியிலும் இதே ஆன்டிபாடி போதுமா? எல்ஹெச்சையும் (கருமுட்டை வெளியேறத் தூண்டும் ஹார்மோன்) மனித கிட்டில் பார்த்துவிடலாமா?

பதில் 2
லத்திக்குப் போதும், இணைச்சோதனையை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். உருண்டையின் வெளிப்பகுதியை விட்டு, உள்ளே நாலைந்து இடத்தில் கிள்ளிக் கலக்கவும். சில மணி நேரத்துக்குள் உறைய வையுங்கள், இல்லையேல் பாக்டீரியா ஸ்டீராய்டை மாற்றிவிடும். உலர்ந்த பொடி 0.1 கிராம், 80 சதவீத மெத்தனால் 5 மில்லி, 30 நிமிடம் குலுக்கி சென்ட்ரிஃப்யூஜ். தட்டில் போகும்போது மெத்தனால் 5 சதவீதத்தைத் தாண்டாமல் நீர்க்கவும். ஈர லத்தியை எடையிட்டால் நீரளவு எண்ணை ஆட்டிவைக்கும்.

எல்ஹெச் வேறு சமாசாரம். அது புரதம், இனத்துக்கு இனம் வரிசை மாறும். மனித சாண்ட்விச் கிட் (இரண்டு ஆன்டிபாடிகளுக்கிடையில் பிடிக்கும் வகை) வெற்று வெல்லைத்தான் (சோதனைத் தட்டின் குழி) காட்டும். 518B7 ஆன்டிபாடியைத் தேடுங்கள், பல பாலூட்டிகளின் எல்ஹெச்சை அது பிடிக்கும். யானையில் ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் இரண்டு எல்ஹெச் எழுச்சி வரும், இரண்டாவதில்தான் கருமுட்டை வெளியேறும். எழுச்சி ஒருநாளில் அடங்கிவிடும் என்பதால், அந்தச் சமயத்தில் தினமும் ரத்தம் எடுக்க வேண்டும்.