கட்சிச் செய்திமடல் வேலை செய்யறவங்களுக்கு ஒரு கேள்வி: மடல் முடிக்கிற ராத்திரி உங்க வீட்டில் என்ன நடந்தது?

மடிப்புக்காரன்:

இதழ் சாயங்காலம்தான் அச்சகத்திலேர்ந்து வந்துச்சு, அதுவும் மடிக்காம. 400 பிரதி, 8 பக்கம், பிரதிக்கு ரெண்டு ஏ3 தாள். விடிஞ்சா விநியோகம். வர்றேன்னு சொன்ன தோழர்கள் யாரும் வரல (இது புதுசா என்ன). கூடத்துல தரையில பரப்பிட்டு உட்கார்ந்தேன். பொண்ணுக்கு ஆறு வயசு, 'நானும்'னு வந்துட்டா. கரண்டி முதுகால அழுத்தி இழுத்தா மடிப்பு நறுக்குன்னு விழும். அது அவ வேலை. ஒரு பிரதியில உள்தாளை நான் திருப்பி வெச்சுட்டேன், "அப்பா, ரெண்டுக்கு அப்புறம் அஞ்சு வருது"ன்னு அவதான் பிடிச்சா.

பதினொன்றரை இருக்கும். கரண்டியைக் கையில வெச்சபடியே தூங்கிட்டா. நான் முதல்ல என்ன பண்ணேன்னா, அந்தக் கரண்டியை எடுத்தேன். இன்னும் நூத்துச் சொச்சம் பாக்கி. அதை முடிச்சுட்டுத்தான் அவளைத் தூக்கிப் படுக்க வெச்சேன். கன்னத்துல காயாத மை, மூணாம் பக்கத் தலைப்புல பாதி கண்ணாடி எழுத்தா ஒட்டியிருந்துச்சு.

கேட்டா அவளுக்கு ஞாபகமே இல்லையாம். எனக்குத்தான் போக மாட்டேங்குது.

நாலாம்பக்கம்:

நான் வார்டுச் செய்திகள் பக்கம் பார்க்கிறவள். எங்க வார்டு உறுப்பினரோட பையனும் என் பையனும் ஒரே வகுப்பு. ஆறு மாசமா எரியாத தெருவிளக்கைப் பத்தி எழுதினேன். மனுக்களோட தேதியை வரிசையாப் போட்டேன், வேறொண்ணும் இல்ல. பெயர்கூடப் போடல. ஆனா வார்டுன்னு சொன்னா யாருன்னு தெரியாதா?

அந்த வாரம் அந்தப் பையனுக்குப் பிறந்தநாள். என் பையன் மட்டும் போகல, கூப்பிடல. அவனா ஏற்கெனவே பரிசு வாங்கி, பளபளப்புத் தாள் சுத்தி, ஒட்டுநாடாவைப் பல்லால கடிச்சு ஒட்டி வெச்சிருந்தான். என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அம்மா, நீ எழுதினது நிஜமா?" நிஜம்தான்னேன். "அப்ப சரி"ன்னுட்டு அந்தப் பொட்டலத்தை அலமாரி மேல வெச்சான். இன்னும் அங்கேயேதான் இருக்கு. விளக்கு எரிய ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு.

பழைய புரூஃப்:

மடிப்புக்காரன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, 400 பிரதியை வீட்டில மடிச்சதே தப்பு. பாதி அச்சகங்கள்ல மடிச்சே தருவாங்க, கேட்கணும்.

என் கதை ரெண்டு வரிதான். திருமண நாளன்று ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கொம்பு தேடிக்கிட்டிருந்தேன். 'கொள்கை'யில ஒத்தைக்கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நின்னுச்சு. மனைவி விளக்கை அணைச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆனா இதெல்லாம் தவிர்க்கலாம். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல யூனிகோட் தமிழ் போட்டா வேர்ல்ட் ரெடி கம்போசர்ங்கிற அமைப்பைத் தேர்ந்தெடுக்கணும், இல்லாட்டி கொம்பு இடம் மாறும். பேஜ்மேக்கர்னு பழைய மென்பொருள் வெச்சிருக்கிற அச்சகமா? அதுக்கு யூனிகோடே தெரியாது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாத்திக் கொடுங்க, மாத்தின பிறகு இன்னொரு தடவை முழுசாப் படிங்க. பிடிஎஃப்ல எழுத்துருவை உட்பொதிச்சே (கோப்புக்குள்ளேயே சேர்த்து) அனுப்புங்க. படத்தை வாட்ஸ்அப்ல படமா வாங்காதீங்க, ஆவணமா அனுப்பச் சொல்லுங்க. 1600 பிக்சல் அகலப் படம் அச்சுல 300 டிபிஐ-யில (அங்குலத்துக்கு 300 புள்ளி) 13.5 சென்டிமீட்டர்தான் வரும், அதை முழுப்பக்கத்துக்கு இழுத்தா தலைவர் முகம் கட்டம் கட்டமாத்தான் தெரியும், அப்புறம் அதுக்கும் நாமதான் பதில் சொல்லணும். பக்கம் எப்பவும் நாலின் மடங்கு. கடைசி நேரத்துல தலைவர் வாழ்த்துச் செய்தி வந்தா எதை எடுக்கிறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க (நான் எப்பவும் கவிதையை எடுத்துடுவேன்). தலைப்புகளைக் கடைசியில தனியாப் படிங்க. பெரிய எழுத்துல இருக்கிற பிழைதான் கண்ணுக்குத் தப்பும். முக்கியமா, பிழை திருத்துற வேலையை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க.

மடிப்புக்காரன்:

அண்ணே, மடிச்சுத் தர்றதுக்குத் தனிக் கூலின்னு எங்களுக்கும் தெரியும். சந்தாவுல தாளுக்கே பத்தல. நான் கரண்டியைப் பத்திச் சொன்னேன், நீங்க கொம்பைப் பத்திப் பேசறீங்க.

வீட்டுக்காரி:

நான் மடல் வேலை செய்யல. செய்யறவரோட மனைவி.

கடைசிப் பக்கத்துல அடியில பொடி எழுத்துல வெளியிடுபவர் பெயர், முகவரி வரும் இல்லையா, அது எங்க வீட்டு முகவரி. காலையில ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வந்து நின்னார். கையில நாலா மடிச்ச மடல், விரலால அந்த முகவரியைத் தொட்டுக் காட்டினார். இவர் விடியற வரைக்கும் வேலை பார்த்துட்டு அப்பத்தான் படுத்திருந்தார். சரி, உட்காருங்க ஐயான்னேன். குடிநீர் இணைப்புக்கு எத்தனை தடவை அலைஞ்சார், எந்த மேசையில என்ன சொன்னாங்க, எல்லாம் சொன்னார். தாள் கிடைக்கல, பையனோட கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதிக்கிட்டேன். ஒரு மணி நேரம். பிள்ளைங்க பள்ளிக்குப் போக நேரமாயிடுச்சு.

அடுத்த இதழ்ல முதல் பக்கத்துல வந்துச்சு. நான் எழுதினது அப்படியே, ரெண்டு வார்த்தைதான் மாத்தம். மேல 'நமது செய்தியாளர்'னு போட்டிருந்தார்.

எல்லாரும் பாராட்டினாங்களாம். வந்து என்கிட்டேயே சொல்றார்!

பழைய புரூஃப்:

அம்மா, அதுக்குத்தான் வீட்டு முகவரியைப் போடக்கூடாதுன்னு...

வீட்டுக்காரி:

ஐயா, பல நாடுகள்ல தேர்தல் சமயத்துல அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாம துண்டறிக்கைகூடப் போட முடியாது. அலுவலகம்னு ஒண்ணு இருந்தா அந்த முகவரியைப் போடலாம். எங்க அலுவலகம் எங்க கூடம்தான். நான் முகவரியைப் பத்திக் குறை சொல்லவே இல்லையே? பெயரைப் பத்தித்தான் சொன்னேன்.

நாலாம்பக்கம்:

அக்கா, அடுத்த தடவை உங்க பெயரைப் போடலைன்னா கணக்கு நோட்டைத் தராதீங்க.

விட்டாச்சு:

நான் போன வருஷத்தோட விட்டுட்டேன். சண்டையெல்லாம் இல்ல. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு போன்ல நாலாம் பக்கத்தைத் திருத்திக்கிட்டிருந்தேன். டாக்டர் வெளிய வந்து பேசறார், நான் ஒரு விரலைத் தூக்கி 'ஒரு நிமிஷம்'னு காட்டினேன். அந்த விரலோட விட்டேன்.

நேத்து வாசல்ல இதழ் விழுந்துச்சு. நின்னபடியே பிரிச்சேன், ரெண்டாம் பக்கத் தலைப்புல 'கூட்டத்தில் தீர்மாணம்'. பேனாவை எடுத்து மூணுசுழிக்கு வட்டம் போட்டப்புறம்தான் என்ன பண்றேன்னே உறைச்சுது. மனைவி பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தா. "அஞ்சாவது வரியில ஒரு ஒற்று விட்டுப் போயிருக்கு"ன்னா.

பழைய புரூஃப்:

எந்த எழுத்துரு? பாமினியா?