சின்னக் கைத்துப்பாக்கி: .380 போதுமா, 9 எம்எம் வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். சட்டைக்குள் மறைத்து வைக்க ரூகர் எல்சிபி (.380 தோட்டா) அல்லது சிக் பி365 (9 எம்எம் தோட்டா) வாங்கலாமா? என் கை சிறியது, சுடும்போது வரும் உதைப்பை நினைத்தால்தான் பயம்.

பதில் 1: 9 எம்எம்தான். 1990-களில் .40 தோட்டாவுக்குப் போன எஃப்பிஐயே 9 எம்எம்-க்குத் திரும்பிவிட்டது. தோட்டாவும் மலிவு. அப்புறம், எல்சிபி மிக இலேசு; .380 என்றாலும் உள்ளங்கையில் சுளீரென்று அடிக்கும். பி365-இன் கனமே உதைப்பைக் குறைத்துவிடும். அதன் மேகசினில் (தோட்டா அடைக்கும் பெட்டி) 10 தோட்டா, எல்சிபியில் 6.

பதில் 2: ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பாகம்) பின்னால் இழுப்பதே கஷ்டமென்றால் ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்ட் இஇசட் .380 பாருங்கள். என் அம்மாவே இழுக்கிறார், பிறகென்ன! ஆனால் அளவு பெரிது.

கேட்டவர்: சரி, சனிக்கிழமை சுடும் பயிற்சி ரேஞ்சில் மூன்றையும் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கிறேன்.