ஜகார்த்தா மோனாஸ்: மேல ஏறுறது வொர்த்தா?

சேலத்துப்பையன்:
அடுத்த மாசம் பாலி போயிட்டு வரும்போது ஜகார்த்தால ஒரு நாள் ஃபுல்லா கையில இருக்கு, அப்பா அம்மாவும் கூட வராங்க. அப்பாவுக்கு மோனாஸ், அதான் அங்க இருக்கற சுதந்திர நினைவுத்தூண், பாத்தே ஆகணும், இந்தோனேசியாவோட முதல் ஜனாதிபதி சுகர்ணோ, நேரு, நாசர் கதையெல்லாம் கரைச்சு குடிச்ச ஆளு. அம்மாவுக்கு முட்டி வலி. யூடியூப்ல பாத்தா லிஃப்ட்டுக்கு மணிக்கணக்கா நிக்கணும்னு பயமுறுத்துறாங்க. போனவங்க யாராச்சும் சொல்லுங்க, மேல ஏறணுமா, இல்ல கீழ நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடலாமா? அம்மா சுத்த சைவம் வேற.

மெந்தெங்_வாசி:
இங்கதான் வேலை பாக்குறேன், ஊர்லருந்து யார் வந்தாலும் மோனாஸ் கூட்டிட்டு போற டியூட்டி நம்மளோடது. மொதல்ல திங்கக்கிழமை போயிடாதீங்க, லீவு. சனி ஞாயிறும் வேணாம். வார நாள்ல காலைல திறந்த உடனே போயி நேரா லிஃப்ட்டுக்கு போயிடுங்க, மியூசியம் எங்கயும் ஓடிடாது. இருக்கறதே ஒரு லிஃப்ட்டு, ஒரு தடவைக்கு பதினோரு பேரு ஏறினா ஜாஸ்தி, அதான் க்யூ அப்படி நீளுது. தூண் 132 மீட்டர், நீங்க போறது 115 வரைக்கும், அதுக்கு மேல அந்த தங்க ஜுவாலை. வெண்கலத்துமேல 35 கிலோ தங்கத்தகடு போர்த்தியிருந்தாங்க, 1995ல சுதந்திரப் பொன்விழாவுக்கு அத 50 கிலோவாக்கினாங்க. மேலருந்து இஸ்திக்லால் மசூதி டோமும் எதிர்லயே கதீட்ரல் கோபுரமும் சேந்து தெரியும், ஆனா ஜகார்த்தா புகைமூட்டம் தெரியும்ல, பக்கத்து பில்டிங்கே மங்கலா இருந்தா ஏறாதீங்க. டிக்கெட்டுக்கு காசா நீட்டினா வாங்கல நான் போனப்ப, ஜாக்கார்டுன்னு காசு ஏத்தி வச்சுக்கற கார்டு கேட்டாங்க, கவுண்டர்லயே கிடைக்குது. அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிடறேன், திபோநெகோரோ சிலை பக்கத்துல படி இறங்கி சுரங்கப்பாதை வழியாத்தான் உள்ள போகணும், மறுபடி படி ஏறணும்.

கடாரத்தான்:
தம்பி, மேல ஏறாட்டியும் பரவால்ல, அப்பாவ அடித்தளத்துல இருக்கற மியூசியத்துல விட்டுடுங்க. ஆதிமனுஷன் காலத்துலருந்து ஸ்ரீவிஜயம், மஜாபாஹித், டச்சுக்காரன்னு கண்ணாடிக்குள்ள பொம்மைகளா வச்சிருப்பாங்க. நம்மாளுங்க 1025ல ராஜேந்திர சோழன் ஸ்ரீவிஜயத்த அடிச்சத தேடிட்டு திரியாதீங்க, அது அவங்க பெருமைக்காக வச்ச மியூசியம். கடைசி மூலைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் உஷாரா பாருங்க. 1975ல, சுகர்ணோவுக்கு அப்புறம் வந்த ராணுவ ஜெனரல் சுகார்த்தோ ஆட்சியில திறந்த இடம்ங்கறது அங்க நல்லாவே தெரியும். 1965ல ஜெனரல்கள கொன்ன கதை இருக்கும், அதுக்கப்புறம் கம்யூனிஸ்ட்னு சொல்லி லட்சக்கணக்கான சனங்கள கொன்னு போட்டது இருக்காது.

தூணோட வடிவமும் கவனிங்க, உலக்கையும் உரலும்தான் மாடல், லிங்கம் யோனின்னும் சொல்லுவாங்க. 17-8-45ங்கற சுதந்திர தேதிய அளவுலயே புகுத்திட்டாங்க, அந்த உரல் மாதிரி மேடை 17 மீட்டர் உயரம், 45க்கு 45 மீட்டர்.

மெந்தெங்_வாசி:
கடாரத்தான் அண்ணே கரெக்ட். அந்த உரல் மேடைக்குள்ள இருக்கற சுதந்திர மண்டபத்துல சுகர்ணோ சுதந்திரப் பிரகடனம் வாசிக்கற ஆடியோ போடுவாங்க, சிலிர்க்கும். ஆனா அது 1945ல பதிவானது இல்ல, 1951ல ரேடியோ ஸ்டுடியோல அவர திரும்ப வாசிக்க வச்சு எடுத்தது.

மைலாப்பூர்_மாமி:
சுதந்திரம் அறிவிச்ச இடமே மோனாஸ் இல்லையேப்பா, ஏன் யாரும் சொல்லல? மெந்தெங் பக்கம் பெகாங்சான் தீமூர் 56ஆம் நம்பர், சுகர்ணோவோட வீடு. அந்த வீட்ட 60கள்ல அவரே இடிக்கச் சொல்லிட்டாராம், என்ன மனுஷனோ! இப்ப அங்க பார்க், சுகர்ணோ, அவரோட துணை ஜனாதிபதி ஹட்டா சிலை ரெண்டும் நடுவுல பிரகடனம் பொறிச்ச கல்லும். நாங்க போனப்ப நாலஞ்சு பேர் வாக்கிங் போயிண்டிருந்தா, அவ்ளோதான். முட்டி வலிக்காரங்களுக்கு அதுதான் சௌகரியம், உக்கார இடம் இருக்கு. தலைநகரையே போர்னியோல கட்டற நுசந்தராவுக்கு கொண்டு போறோம்னு பேசறாளே, இந்த பார்க்க தூக்கிண்டு போக முடியுமா? சாப்பாட்டுக்கு காடோ காடோ கேளுங்கோ, வெந்த காய்கறிமேல கடலை சாஸ் ஊத்தினது. ஆனா சாஸ்ல தெராசின்னு இறால் விழுது போடுவா, வேண்டாம்னு மொதல்லயே சொல்லிடணும். கூட வர்ற இறால் அப்பளத்தையும் தொடாதீங்கோ.

சேலத்துப்பையன்:
ஐயோ மாமி, அந்த இறால் மேட்டர் தெரியாம அம்மாவுக்கு வாங்கி குடுத்திருப்பேன். அப்போ காலைல மோனாஸ், லிஃப்ட் க்யூ பெருசா இருந்தா அப்பா மட்டும் ஏறட்டும். மத்தியானம் மெந்தெங் பார்க். ரெண்டுக்கும் நடுவுல க்ராப் கார் ஈஸியா கிடைக்குமா?

மெந்தெங்_வாசி:
கிடைக்கும், ஆனா ட்ராஃபிக்க நம்பாதீங்க. காம்பீர் ஸ்டேஷன் பக்கம் வெளிய வந்து புக் பண்ணுங்க, மைதானத்துக்குள்ள வண்டி வராது.