செவுள் வலையில் டால்பின் சிக்காமல் இருக்கப் பிங்கர் மட்டும் போதுமா?

உப்புக்காற்று (கேள்வி)

ஒரு செவுள் வலை (மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி கடலில் தொங்கவிடும் வலை) படகில் நாலு மாதம் பார்வையாளராகப் போய் வந்தேன். என்ன மீன், எத்தனை கிலோ, வேண்டாதது என்ன வந்தது என்று குறித்து வைப்பதுதான் வேலை. அந்த நாலு மாதத்தில் மூன்று டால்பின் வந்தது. மூன்றாவது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அலகு நுனியில் வலைக்கண் ரெண்டு சுற்று சுற்றியிருந்தது, வால் அடியில் நைலான் இழை தோலை அறுத்து வெள்ளைக் கோடு போட்டிருந்தது, தொட்டால் ஈர ரப்பர் மாதிரி வழுவழு என்று இருந்தது. படகில் யாரும் எதுவும் பேசவில்லை, கேப்டன் கத்தியை எடுத்து வலையை அறுத்தார். அவருக்கும் அது நஷ்டம்தான், வலையும் போச்சு, அரை மணி நேரமும் போச்சு.

இப்போது உரிமையாளர் பிங்கர் (வலையில் கட்டினால் சத்தம் எழுப்பி டால்பினை விலக்கும் சின்னக் கருவி) வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார். என் சந்தேகம் ரெண்டு. சத்தம் எழுப்பித் திரும்பி வரும் எதிரொலியை வைத்தே இரை பிடிக்கிற பிராணிக்கு, கண் முன்னால் தொங்குகிற வலை எப்படித் தெரியாமல் போகிறது? அப்புறம், பிங்கர் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

எதிரொலி

முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். மெல்லிய நைலான் இழை தண்ணீருக்குள் ஒலியை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். மேலே உள்ள மிதவையும் கீழே உள்ள ஈயக் குண்டும் டால்பினுக்குக் கேட்கும், நடுவில் இருக்கும் வலை ஏறக்குறைய இல்லாத மாதிரிதான். தெரிந்தாலும் அது வலையைத் தேடிக்கொண்டா போகிறது? மீனைத் துரத்திக்கொண்டு போகிறது. சிக்கிய பிறகு மேலே வந்து மூச்சு விட முடியாது, மூச்சுத் துளையை இறுக மூடியபடியே மூச்சடைத்துச் சாகும்.

இதனால்தான் வலையை 'கேட்க' வைக்க முடியுமா என்று சிலர் முயன்றார்கள். கடற்பன்றி (டால்பினின் சிறிய உறவினம்) எழுப்பும் ஒலி சுமார் 130 கிலோஹெர்ட்ஸ், அந்த அலைவரிசையில் நன்றாக எதிரொலிக்கும்படி 10 மி.மீ.க்கும் சிறிய அக்ரிலிக் மணிகளை வலையில் கோத்துப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் வலையில் மணி கோப்பது யார் என்பது வேறு கதை.

இனி பிங்கர். 1994-இல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் நடந்த சோதனையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பிங்கர் வேலை செய்த வலைகளில் 2 கடற்பன்றி, வேலை செய்யாத வலைகளில் 25. 10 கிலோஹெர்ட்ஸில் 4 விநாடிக்கு ஒரு சின்ன 'பீப்', அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் மிதக்கும் செவுள் வலைகளில் பிங்கர் வந்த பிறகு அலகுத் திமிங்கிலம் சிக்குவதே நின்றுபோனது. ஆக, வேலை செய்யும் கருவிதான். எந்த விலங்குக்கு என்பதுதான் கேள்வி. கூச்ச சுபாவமுள்ள கடற்பன்றி சத்தம் கேட்டு ஒதுங்கும். கடற்சிங்கமும் சீலும் அப்படியில்லை, அவற்றுக்குச் சில நாளிலேயே அது சாப்பாட்டு மணியாகிவிடலாம். உங்கள் படகில் வந்தது எந்த இனம்?

பழைய கடலோடி

எதிரொலி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிங்கர் கட்டினால் ஒழுங்காகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டாமலே இருக்கலாம். அமெரிக்க வடகிழக்குக் கரையின் பார்வையாளர் பதிவுகளைப் புரட்டியபோது, தேவையான எண்ணிக்கையைவிடக் குறைவாகப் பிங்கர் இருந்த வலைகளில், பிங்கரே இல்லாத வலைகளைவிட அதிகம் சிக்கியிருந்தது. நடுவில் சத்தமில்லாத இடத்தை 'வழி' என்று நினைத்து நுழைகிறதோ என்னவோ! அங்கே விதி ஏறக்குறைய 90 மீட்டருக்கு ஒன்று. பேட்டரி எப்போது மாற்றினது என்று கேட்டால் படகில் பாதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தவன்தான்.

சுருக்கு வலை (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இழுக்கும் வலை) கப்பலில் இருந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். கிழக்குப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரை (டியூனா மீன்) டால்பின் கூட்டத்துக்கு அடியிலேயே நீந்தும். அதனால் டால்பினைக் குறி வைத்துத்தான் வலை சுற்றுவார்கள். 1960-களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் செத்தன, 1986-இல்கூட 1,33,000 பக்கம். இப்போது ஆயிரத்தை ஒட்டித்தான். எப்படி? வலையைப் பாதிக்கு மேல் இழுத்ததும் கப்பல் பின்னோக்கிப் போகும். வலை நீளமாக இழுபட்டு அதன் கடைசியில் மிதவைக் கயிறு தண்ணீருக்குள் அமிழும், டால்பின்கள் அதற்கு மேலே வழுக்கி வெளியே போகும், சூரை ஆழத்தில் இருப்பதால் உள்ளேயே நிற்கும். அலகு மாட்டாமல் இருக்க அந்த முனையில் மட்டும் சின்னக் கண் வலை தைத்திருப்பார்கள். அப்படியும் போகாததை ரப்பர் படகில் இருக்கும் ஆள் கையால் தள்ளிவிடுவார்.

ஆனால் இந்த வித்தை மட்டும் அந்த எண்ணிக்கையைக் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு பெரிய கப்பலிலும் பார்வையாளர், ஒவ்வொரு கப்பலுக்கும் தனி வரம்பு. வரம்பு தாண்டினால் அந்த ஆண்டு டால்பின் மேல் வலை போடவே கூடாது. அதற்குப் பிறகுதான் கேப்டன்களுக்குக் கை சுத்தமானது.

குறுக்குக்கேள்வி

சரி, மூன்று டால்பின் என்பது அதிகமா, குறைவா? யாரும் அதைப் பேசவில்லையே.

எதிரொலி

கூட்டத்தில் எத்தனை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆண்டுக்கு எத்தனை செத்தால் கூட்டம் தாங்கும் என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அங்கே இருப்பவற்றின் குறைந்தபட்ச எண்ணிக்கை, அதில் 2 சதவீதம் (திமிங்கில, டால்பின் இனத்துக்கு), அதை 0.1 முதல் 1 வரை ஒரு எச்சரிக்கை எண்ணால் பெருக்க வேண்டும். 1,000 இருந்து எச்சரிக்கை எண் 0.5 என்றால் ஆண்டுக்கு 10. இது மொத்த மீன்பிடிக்கும் சேர்த்து, ஒரு படகுக்கு அல்ல. நாலு மாதத்தில் ஒரே படகு 3 என்றால், பக்கத்தில் எத்தனை படகு என்று எண்ணிப் பாருங்கள்.

வாகிடா கதை தெரியும்தானே? மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் குட்டிக் கடற்பன்றி, 1997-இல் சுமார் 570 என்று கணக்கிட்டார்கள், இன்றைக்கு ஏறக்குறைய பத்து. யாரும் அதை வேட்டையாடவில்லை. டோட்டோபா என்ற மீனின் நெட்டிக்கு (வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை) கொள்ளை விலை கிடைக்கிறது, அதற்காகத் திருட்டுத்தனமாகப் போடும் செவுள் வலை, டோட்டோபாவுக்கும் வாகிடாவுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு உடம்பு, அதனால் ரெண்டும் அதே வலையில் மாட்டும். அங்கே எந்தப் பிங்கரும் உதவாது, வலை வெளியேறினால்தான் உண்டு.

உப்புக்காற்று

எங்களுக்கு வந்தது மூன்றும் 'சாதாரண டால்பின்' என்ற இனம்தான், சூரைக்குப் போட்ட மிதவை வலை. பிங்கர் செலவு உரிமையாளருக்கு இடிக்கிறது. அதைவிட மலிவாக ஏதாவது?

பழைய கடலோடி

மிதவை வலைதானே? அப்படியானால் முதலில் மிதவைக் கயிறை நீளமாக்கி வலையின் மேல் விளிம்பை 2 மீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். அரபிக் கடலில் பாகிஸ்தான் சூரைப் படகுகளில் இப்படிச் செய்தபோது டால்பின் சிக்குவது வெகுவாகக் குறைந்தது. பேட்டரி வேண்டாம், கயிறு போதும். சூரை வரத்து எப்படி மாறுகிறது என்பதை ரெண்டு வகை வலைக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள், உரிமையாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

பெருவில் செவுள் வலையில் எல்.இ.டி. விளக்கு கட்டியும் சிறு டால்பின், கடற்பன்றி சிக்குவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, ஆமையும் குறைந்தது. ஆனால் அதுவும் செலவுதான், பேட்டரி தொல்லையும் திரும்ப வரும்.

உப்புக்காற்று

கயிறு படகிலேயே கிடக்கிறது. அடுத்த பயணத்தில் பாதி வலையை இறக்கி, பாதியை அப்படியே விட்டுப் பார்க்கிறேன். குறிப்பேட்டில் இதற்குப் புதிதாக ஒரு கட்டம் போட்டாயிற்று.