பெனரில் "காணாமல் போனோர்" என்று போட்டால் பிழையா?

தம்பிலுவில் பெடியன்:
ஓகஸ்ட் 30, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்துக்கு எங்கட பக்கம் பிள்ளைகளைத் தேடுகிற அம்மாமார் கூடுகிறார்கள், பெனர் வேலை என் தலையில். 8 அடிதான் காசு இருக்கு. "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி வேண்டும்" என்று போட்டால் எழுத்து சின்னதாகிவிடும், றோட்டுக்கு அங்கால நிற்கிறவருக்குத் தெரியாது என்று அச்சுக் கடையில் சொன்னார்கள். சரி என்று "காணாமல் போனோர்" எனச் சுருக்கி வட்ஸ்அப்பில் மாதிரி போட்டேன். ஒரு அம்மா உடனே கோல் எடுத்து, "மனே, என்ட பிள்ளை என்ன மேய்ச்சலுக்குப் போன மாடா, காணாமல் போறதுக்கு? வாசல்ல வச்சுத்தானே கொண்டு போனவங்க" என்று கேட்டா. எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் இவர்களைத் தேடுவதற்கென்று இருக்கிற அரசாங்க அலுவலகத்துக்கே 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்றுதானே பெயர்? அதோட இந்தமுறை முஸ்லிம் ஆக்களும் வருவதாகச் சொல்கிறார்கள், அவர்களுக்கும் பொருந்துகிற வசனமாக இருக்க வேணும்.

வந்தாறுமூலை அக்கா:
தம்பி, அந்த அம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. 1990 செப்டம்பர் 5 இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதியாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டு போனது, அத்தனை சனமும் பார்த்துக்கொண்டு இருக்கத்தான். அதைப் போய் 'போனார்கள்' என்று எழுத எனக்குக் கை வராது. அலுவலகத்தின் பெயர் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. ஆனால் அதே அரசாங்கம் 2018 இல் கொண்டுவந்த 5 ஆம் இலக்கச் சட்டம், வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றம் என்கிறது. பிறகு நாம் ஏன் சுருக்க வேணும்?

காத்தான்குடியான்:
நாங்கள் வருவோம் தம்பி. 1990 ஆடியில் கல்முனைப் பக்கமிருந்து வந்த எங்கட ஆக்களைக் குருக்கள்மடத்தில் மறித்துப் புலிகள் கொண்டு போனார்கள், மையித்துகூட கிடைக்கவில்லை. அதனால் 'ஆக்கப்பட்டோர்' என்பது எங்களுக்கும் பொருந்தும். அந்தச் சொல்லில் செய்தவன் ஒருவன் இருக்கிறான், யார் என்று மட்டும் இல்லை. அவரவர் தங்கட ஆளை நினைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்குப் பேரணியாக நடந்தபோது, கொரோனாவில் மௌத்தான எங்கட ஆக்களின் ஜனாசாவைக் கட்டாயமாக எரித்ததற்கு எதிரான கோரிக்கையும் இருந்தது, அதைப் பார்த்துத்தான் எங்கட பெடியன்களும் இறங்கினார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தானே வருவது.

வாவிக்கரை:
எத்தனை வருசம் பெனர் பிடித்தாயிற்று, சொல்லை மாற்றினால் யார் திரும்பி வரப்போகிறார்கள் என்று எனக்குச் சலிப்புத்தான். இருந்தாலும் ஒரு யோசனை. "நீதி வேண்டும்" எல்லாப் பெனரிலும் இருக்கு, ஒருவரும் வாசிப்பதில்லை. அதை எடுத்துவிட்டு "எங்கே?" என்று மட்டும் போடுங்கள், இடமும் மிஞ்சும்.

தம்பிலுவில் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு வரியாகப் பிரித்தேன்: மேலே "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்", கீழே அதைவிடப் பெரிதாக "எங்கே?". 8 அடிக்குள் அடங்கிவிட்டது. புது மாதிரியை அனுப்பி ஐந்து நிமிசம் இல்லை, அதே அம்மா மறுபடி கோல். 'ஆக்கப்பட்டோர்' இல் கடைக்காரன் 'ப்' ஐ விட்டுவிட்டானாம். நாளைக்குக் காலையில் திரும்பக் கடைக்குப் போகிறேன்.