நால்வர் பயன்படுத்தும் ஒரே கணினி: குக்கிகளை அழித்தும் விளம்பரங்கள் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: மாடிவீட்டு வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் விண்டோஸ் 11 உள்ள மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. நானும் என் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் பள்ளி மாணவனான மகனும் ஒரே விண்டோஸ் கணக்கில், ஒரே குரோம் உலாவியைத்தான் பயன்படுத்துகிறோம். சென்ற மாதம் எனக்குச் சிறுநீரகக் கல் இருப்பது தெரிந்தபோது, வீட்டில் எவரிடமும் சொல்லாமல் இரண்டு இரவுகள் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அடுத்த நாள் மகள் செய்தித்தளம் ஒன்றைத் திறந்தால், பக்கத்தின் இருபுறமும் கல் அகற்றும் சிகிச்சைக்கான விளம்பரங்கள். "யாருக்கப்பா உடம்பு சரியில்லை?" என்று அவள் கேட்டாள். என்னால் மழுப்பத்தான் முடிந்தது.

உடனே குக்கிகள் அனைத்தையும் அழித்தேன். நால்வரும் எல்லாத் தளங்களிலும் மீண்டும் கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டியதாயிற்றே தவிர, மூன்றே நாளில் அதே விளம்பரங்கள் திரும்பிவிட்டன. நான் செய்ததில் என்ன பிழை? மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்தினால் போதுமா? குக்கிகளுக்கு இசைவு கேட்டுத் தளங்கள் காட்டும் 'அனைத்தையும் ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தலாமா?

பதில் 1: கம்பிவடம்

ஐயா, வணக்கம். கோயில் வாசலில் செருப்பை விட்டால் எண் பொறித்த வில்லை ஒன்று தருவார்களே, ஒரு தளம் உங்கள் உலாவியில் வைத்துவிடும் சிறு குறிப்பான குக்கியும் அத்தகையதுதான். அந்த எண்ணுக்குரிய செருப்பு எது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். வில்லையில் பெரும்பாலும் வேறொன்றும் இருக்காது. ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த பக்கத்தைக் கேட்பவரும் ஒருவரே என்று அறிய இணையத்தளங்களுக்கு வழியில்லாதிருந்த 1994-இல், நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி இந்த ஏற்பாட்டை உருவாக்கினார். நீங்கள் நுழைந்த தளம் தானே தரும் குக்கி இல்லாவிட்டால் வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ பயன்படுத்தவே முடியாது.

சிக்கல் மூன்றாம் தரப்புக் குக்கியில், அதாவது நீங்கள் திறந்த தளம் அல்லாமல் அதற்குள் இடம்பெறும் வேறொரு நிறுவனம் தரும் குக்கியில், இருக்கிறது. ஊரிலுள்ள எல்லாக் கோயில் வாசல்களிலும் ஒரே குத்தகைக்காரர் கடை போட்டு, எங்கு போனாலும் அதே வில்லையைக் காட்டச் சொன்னால், நீங்கள் எந்தெந்தக் கோயிலுக்குப் போனீர்கள் என்பது அவருடைய ஏட்டில் தானாகச் சேர்ந்துவிடும். மருத்துவத் தளத்திலும் செய்தித்தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால் நடப்பது இதுவே. சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் இவ்வகைக் குக்கிகளை முழுவதுமாகத் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2022 முதல், ஒவ்வொரு தளத்திற்கும் தனித்தனிப் பெட்டி ஒதுக்கி, ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் காட்டாமல் வைக்கிறது. குரோமிலிருந்து இவற்றை நீக்கப்போவதாக 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை தவணை தள்ளி, 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் வேறு என்ன செய்யும் என்பது என் சொந்தக் கருத்து. எனவே, அமைப்புகளில் 'தனியுரிமையும் பாதுகாப்பும்' பகுதிக்குள் சென்று மூன்றாம் தரப்புக் குக்கிகளை நீங்களே தடுக்க வேண்டும்.

அழித்த பின்னும் விளம்பரம் திரும்பியதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கூகுள் கணக்குத்தான். தேடல் வரலாறு அந்நிறுவனத்தின் கணினிகளில் உங்கள் கணக்கின் பெயரில் இருக்கிறது. வீட்டில் வில்லையைக் கிழித்தெறிந்தாலும், மறுபடி கணக்கில் நுழைந்த கணமே பழைய ஏடு திறந்துகொள்ளும். கணக்கின் அமைப்புகளில் தேடல் வரலாற்றை அழித்து, தனிப்பயனாக்கிய விளம்பரங்களையும் அணைத்துவிடுங்கள்.

பதில் 2: நள்ளிரவு நிரலர்

மேலே நண்பர் சொன்னவை சரி. ஆனால் நால்வரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துவதை அவர் கடந்து போய்விட்டார். என் பார்வையில் முதலில் திருத்த வேண்டியது அதுதான். விண்டோஸிலேயே நால்வருக்கும் கடவுச்சொல்லுடன் தனித்தனிக் கணக்குகளை உருவாக்குங்கள். குரோமுக்குள் தனிச் சுயவிவரங்கள் வைத்தால் குக்கிகள் பிரியும் என்றாலும், ஒருவருடையதை மற்றவர் ஒரே சொடுக்கில் திறந்துவிடலாம்.

மறைநிலைச் சாளரம், மூடியபின் வரலாற்றையும் குக்கிகளையும் இந்தக் கணினியில் விட்டுவைப்பதில்லை. வீட்டாரிடமிருந்து மறைக்க அது போதும். அதற்குள் கூகுள் கணக்கில் நுழைந்துவிட்டால் மறைவு என்று ஒன்றும் இல்லை. இணையச் சேவை தருபவருக்கு நீங்கள் போன தளங்களின் பெயர்கள் அப்போதும் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று: மறைநிலைச் சாளரங்கள் பல திறந்திருந்தால் அவை அனைத்துக்கும் குக்கிப் பெட்டி ஒன்றே; கடைசிச் சாளரத்தை மூடும்வரை எதுவும் அழியாது.

ஏற்புப் பொத்தான் ஐரோப்பியச் சட்டத்தால் வந்தது. ஏற்பதைப் போல மறுப்பதும் எளிதாக இல்லை என்பதற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. மறுக்கும் பொத்தான் இருந்தால் தயங்காமல் அதையே அழுத்துங்கள். கட்டுரையைப் படிக்க அது பொதுவாகத் தடையாவதில்லை.

கேள்வி கேட்டவர்: மாடிவீட்டு வாசகர்

இருவருக்கும் நன்றி. தனிக்கணக்குகளை உருவாக்கி, மூன்றாம் தரப்புக் குக்கிகளையும் தடுத்துவிட்டேன். மகளிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் அப்போதே ஊகித்திருந்தாளாம். இப்போது மகன் இணையவழி வகுப்பின் தளத்தில், உள்ளே பதிக்கப்பட்டிருக்கும் தேர்வுப் பக்கம் திறக்கவில்லை என்கிறான். தடையை முழுவதும் நீக்கத்தான் வேண்டுமா?

பதில் 3: பழுதுபார்ப்பவர்

வேண்டாம், ஐயா. அந்தத் தேர்வுப் பக்கம் வேறொரு முகவரியிலிருந்து வருவதால் அதன் குக்கியும் மூன்றாம் தரப்பாகிவிடுகிறது. வகுப்புத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முகவரிப் பட்டையில் தோன்றும் கண் வடிவக் குறியைச் சொடுக்கினால், அந்தத் தளத்திற்கு மட்டும் சிறிது காலத்துக்கு அனுமதி கொடுக்கலாம்.

மகனின் கணக்கை நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக வையுங்கள். என்னிடம் பழுதுக்கு வரும் வீட்டுக் கணினிகளில் திருட்டு மென்பொருளும், விளையாட்டுகளுக்கான ஏமாற்று நிரல்களும் நிறையவே கண்ணில் படுகின்றன. அவற்றில் சில, உலாவியின் குக்கிகளைப் படியெடுத்து வெளியே அனுப்பிவிடும். நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் கணக்கின் குக்கி திருடனிடம் போனால், பல தளங்களில் அவன் கடவுச்சொல்லோ ஓடிபியோ இல்லாமலே உள்ளே வந்துவிடலாம். ஐயம் எழுந்தால், வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பழைய குக்கி அத்துடன் செல்லாததாகிவிடும்.