பெட்டி ஒட்டும் வேலைக்கு பீஸ் ரேட்: இந்தக் கணக்கு சரியா?

வணக்கம். 16 வயதுப் பையன், பள்ளி விட்டதும் தினம் 2 மணி நேரம் அட்டைப்பெட்டி மடித்து ஒட்டும் வேலை. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலியை (பீஸ் ரேட்) நியாயமாக வைக்க வேண்டும்.

அவனையே மூன்று தடவை, 20 நிமிடம் செய்யவிட்டுப் பார்த்ததில் சராசரி 24 பெட்டி, மணிக்கு 72. ஆனால் கட்டுப் பிரிக்க, எண்ணி அடுக்க, கையை ஆற்றிக்கொள்ள மணிக்கு 10 நிமிடம் போய்விடும். ஆக 60தான். குறைந்தபட்ச மணிக்கூலியை 60ஆல் வகுத்தால் ஒரு பெட்டியின் கூலி. 72ஆல் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு அவனுக்கு நஷ்டம். எண்ணிக்கை குறைந்த நாளிலும் மணிக்கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது.

குழப்பம் கழிவில்தான். மடிப்புக்கோடு சரியாக விழாத அட்டை மூலையில் கிழியும். அதை அவன் தலையில் கட்டுவது அநியாயம். பசை வழிந்து இரண்டு பெட்டி ஒட்டிக்கொண்டால்? திரும்பச் செய்யும் நேரத்துக்கும் கூலி உண்டா? பழகும் வரை எத்தனை நாள் மணிக்கூலி தரலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.